மைக்கைக் குறைப்பது யார்?

மார்ச் 2, திங்கள்

முதல் கட்டுரையைப் பதிவு செய்து அனுப்பிவிட்டேன். இன்னும் இரண்டு பாக்கி.

வார இதழில் ஒன்பது வருடமாக, கடைசிப் பக்கத்துக்கு முந்தின பக்கத்தில் சிரிப்புக் கட்டுரை எழுதுகிறேன். பல் டாக்டர் வரவேற்பறையில் காத்திருப்பவர்கள் எல்லோரும் என் வாசகர்கள். இப்போது அந்த இதழில் ஒலிப்பகுதி தொடங்குகிறார்களாம். எழுதியவர்களே சொந்தக் குரலில் மூன்று கட்டுரை படித்து, இந்த மாதக் கடைசிக்குள் அனுப்ப வேண்டும். தேறினால் வெள்ளிக்கிழமைதோறும் நான். தேறாவிட்டால் என் கட்டுரைகளை வாடகைக்குப் பிடித்த ஒரு குரல்காரி படிப்பாளாம். என் மாமனாரின் மூக்கைப் பற்றி நான் எழுதியதை எவளோ வந்து படிப்பதா? அந்த மூக்கோடு பன்னிரண்டு வருடம் குடும்பம் நடத்தியவள் நான்.

குரலைப் பற்றி எனக்குக் கவலையே இல்லை. இருபத்தாறு வருடமாகப் பள்ளியில் விளையாட்டு டீச்சர். விசிலை மறந்து வைத்துவிட்டுப் போன நாட்களில்கூட மைதானத்தின் அடுத்த மூலையில் ஓடுகிறவன் என் சத்தத்துக்கு நின்றிருக்கிறான். பக்கத்துக் கட்டடத்தில் வேலை பார்த்த கொத்தனாரும் ஒரு தடவை நின்றார்.

திங்கள் மதியத்துக்கு மேல் வகுப்பு இல்லாதது நல்லதாகப் போயிற்று. வீடு காலி. ஒரே மூச்சில் படித்தேன். திரும்பக் கேட்கவில்லை. சொந்தக் குரலைக் கேட்டால் யாரோ ஒரு சித்தி என்னை மாதிரியே பேசிக் கேலி செய்வது போலிருக்கும்.

மார்ச் 3, செவ்வாய்

ஒலிப்பகுதிப் பெண்ணிடமிருந்து பதில். என் மகளைவிட ஒன்றிரண்டு வயது மூத்தவளாக இருப்பாள். "மேடம், ஃபைல் வந்துடுச்சு. குரல்தான் வரலை. ஸ்பீக்கர்ல காதை வெச்சா பக்கத்து வீட்ல யாரோ முணுமுணுக்கிற மாதிரி இருக்கு."

நான். முணுமுணுப்பு.

கண்ணாடிக்காரரிடம் காட்டினேன். (கணவர்தான். மூக்குக்கண்ணாடிக் கடை வைத்திருக்கிறார். மனிதர் பேசுவதே எழுத்துக்கூட்டிப் படிப்பது போலிருக்கும்.) படித்தார், கண்ணாடியைக் கழற்றினார், துடைத்தார், மறுபடி படித்தார். அவ்வளவு சந்தோஷத்தை அவர் முகத்தில் கல்யாணத்தன்றுகூட நான் பார்க்கவில்லை.

மார்ச் 5, வியாழன்

கண்டுபிடித்தேன்! லேப்டாப்பின் செட்டிங்கில், மைக் என்ற இடத்தில், ஒரு கோடும் அதன் மேல் நகரும் ஒரு புள்ளியும் இருக்கின்றன. நூறு வரை போகக்கூடிய புள்ளி பன்னிரண்டில் படுத்துக் கிடந்தது. இழுத்து எண்பதில் வைத்தேன். சோதனைக்கு நாலு வரி படித்தேன். கேட்டால் சித்தி உரக்கப் பேசுகிறாள், தெளிவாக.

இதற்கா ரிப்பேர் கடையில் கொடுக்க இருந்தேன்! எனக்குள் ஒரு என்ஜினியர் ஒளிந்திருக்கிறாள் என்று கீழ்வீட்டுத் தங்கையிடம் சொன்னேன். "அவளை வெளியவே விடாதே அக்கா, மிக்ஸி இன்னும் ரிப்பேர்லதான் இருக்கு" என்றாள்.

மார்ச் 8, ஞாயிறு

மகளோடு லேப்டாப்பில் வாராந்தர வீடியோ பேச்சு. பதினாறு நிமிடம். அவள் இருப்பது விமானத்தில் பதினொரு மணி நேரத் தூரம். அதற்குத் தகுந்த குரலில்தானே பேச முடியும். போதாததற்கு அவள் எப்போதும் துணி துவைக்கும் அறையில்தான் நிற்கிறாள். பின்னால் நாலு மெஷின் கடகடவென்று சுற்றுகிறது. அந்தச் சத்தத்தைத் தாண்டி நான் பேச வேண்டாமா? தொண்டை கட்டிவிட்டது.

எந்த ஞாயிறு கூப்பிட்டாலும் துவைத்துக்கொண்டிருக்கிறாள். இந்தச் சுத்தம் நிச்சயமாக என்னிடமிருந்து போனதில்லை.

மார்ச் 9, திங்கள்

மறுபடி முணுமுணுப்பு.

முதல் கட்டுரையைத் திரும்பப் படித்தேன், இந்தத் தடவை கேட்டும் பார்த்தேன். கிணற்றடியில் யாரோ மன்னிப்புக் கேட்டுக்கொண்டிருந்தார்கள். செட்டிங்கைத் திறந்தால் புள்ளி பதினாலில். வியாழக்கிழமை என் கையால் எண்பதில் வைத்த புள்ளி.

புள்ளிக்குக் காலில்லை. அப்படியானால் யாரோ குறைத்திருக்கிறார்கள். இந்த வீட்டில் என் குரலைக் குறைக்க ஆசைப்படுகிறவர்கள் யார் யார்? பட்டியல் போட ஆரம்பித்தேன், தெருவின் பாதி வந்துவிட்டது.

மார்ச் 10, செவ்வாய்

விசாரணை. தங்கையிடம் லேப்டாப்பைத் தொட்டாயா என்று கேட்டதற்கு, தொட்டால் முதலில் அதன் மேல் இருக்கும் தூசியைத்தான் துடைத்திருப்பேன் என்றாள். ஏற்கக்கூடிய வாதம். அவளை விடுவித்தேன்.

கண்ணாடிக்காரர் தலையை மட்டும் ஆட்டினார். ஆனால் எதைக் கேட்டாலும் அவர் அப்படித்தான் ஆட்டுவார். சந்தேகம் நீடிக்கிறது.

மார்ச் 12, வியாழன்

புள்ளியை எண்பதில் வைத்துப் பாஸ்வேர்டை மாற்றினேன். மூடியின் மேல் டால்கம் பவுடரை மெல்லிசாகத் தூவிவிட்டேன். யார் கை வைத்தாலும் தடம் பதியும். பள்ளியில் கிரிக்கெட் மட்டை காணாமல் போனபோது இதே வித்தையில்தான் பிடித்தேன். எடுத்தவர் தலைமை ஆசிரியர் என்பதால் வெளியே சொல்ல முடியாமல் போயிற்று.

மார்ச் 14, சனி

தினமும் திறந்து பார்த்துவிட்டு மறுபடி பவுடர் தூவுகிறேன். எண்பது, எண்பது, எண்பது. கை வைத்த ஆள் பயந்துவிட்டார். நாளை மகளோடு பேசவும் நானே திறப்பேன். பேசி முடித்ததும் மறுபடி பவுடர்.

மார்ச் 16, திங்கள்

பவுடர் கலையவில்லை. புள்ளி பதினொன்று.

எனக்குத் தலைக்கேறிவிட்டது. கண்ணாடிக்காரர் கடையிலிருந்து வந்ததும் வராததுமாகக் கேட்டேவிட்டேன். பாஸ்வேர்டை ஊகித்துத் திறந்து, குறைத்து, மூடி, மேலே பவுடரும் போட்டிருக்கிறீர்கள், அதுவும் என் பவுடர் டப்பாவிலிருந்தே என்று. ஒலிப்பகுதிப் பெண் வேறு இன்று எழுதியிருந்தாள்: முப்பத்தொன்றாம் தேதிக்கு மேல் காத்திருக்க முடியாது, குரல்காரிக்குச் சொல்லி வைத்துவிட்டார்களாம். அந்த ஆத்திரமும் சேர்ந்துகொண்டது. இவ்வளவு வருஷம் வாயைத் திறக்காம இருந்துட்டு இப்ப கள்ளத்தனமா என் வாயை மூடப் பாக்கறீங்களான்னு — அப்படியேதான் கேட்டேன்.

அவர் பையைக் கீழே வைத்தார். "உன் குரலைக் குறைக்கணும்னு நெனச்சிருந்தா இருபத்தாறு வருஷம் முன்னாடியே குறைச்சிருப்பேன்" என்றார். உள்ளே போய்விட்டார்.

கோபத்தில்கூட மனிதர் சத்தம் போடவில்லை. அதுதான் இன்னும் எரிச்சல்.

மார்ச் 17, செவ்வாய்

கண்ணாடிக்காரர் என்னோடு பேசவில்லை. வழக்கமாகப் பேசாததற்கும் இதற்கும் உள்ள வித்தியாசம் எனக்குத் தெரியும்.

மார்ச் 19, வியாழன்

லேப்டாப்பைத் தூக்கிக்கொண்டு கடைத்தெருவில் உள்ள ரிப்பேர் கடைக்குப் போனேன். கடைக்காரன் என் பழைய மாணவன். நாலு வருடம் எல்லா ஓட்டப்பந்தயத்திலும் கடைசியாக வந்து 'கடைசி ஆள்' என்று பெயர் வாங்கியவன். பெயர் வைத்தது யார் என்று இங்கே எழுத வேண்டிய அவசியமில்லை. இப்போது தாடியும் தொப்பையும் ரெண்டு பிள்ளைகளுமாக இருக்கிறான். என்னைப் பார்த்ததும் ஸ்டூலிலிருந்து எழுந்து விறைப்பாக நின்றான்.

திரைக்கு மேலே கேமராவின் ரெண்டு பக்கமும் எறும்புக் கண் மாதிரி ரெண்டு துளை. அதுதான் மைக்காம். நான் இத்தனை நாளாகக் கீபோர்டைப் பார்த்துக் குனிந்து படித்துக்கொண்டிருந்தேன். துளைகளை பிரஷால் சுத்தம் பண்ணினான். டிரைவர் என்ற ஒன்றைப் புதிதாகப் போட்டான். பேசச் சொன்னான், பேசினேன், கடை முழுக்கக் கேட்டது. மைக்கில் ஒரு கோளாறும் இல்லை டீச்சர் என்று சத்தியம் செய்தான்.

அப்படியென்றால் குறைப்பது யார்? அவன் தாடியைச் சொறிந்தான். மறுபடி குறைந்தால் என்றைக்கு, எத்தனை மணிக்கு என்று குறித்துவையுங்கள் என்றான். என்னிடமா சொல்கிறான். பக்கத்து வீட்டுக்காரர் எத்தனை மணிக்கு மாடியில் புகை பிடிக்கிறார் என்பதுவரை குறித்து வைத்திருக்கிறேன்.

மார்ச் 22, ஞாயிறு

மகளோடு ஒன்பது நிமிடம்தான். அதே துணி அறை, அதே கடகட. நடுவில், "அம்மா, ஒரு விஷயம் சொல்லணும்" என்றாள். "என்னது, என்ன விஷயம்?" என்றேன். பின்னாலிருந்த யாரோ திரும்பிப் பார்த்தது எனக்கே தெரிந்தது. "ஒண்ணுமில்லம்மா, அப்புறம் சொல்றேன்" என்று வைத்துவிட்டாள்.

என்னவாக இருக்கும்? உடம்பா? வேலையா? யாரையாவது பிடித்திருக்கிறதா? பிடித்திருந்தால் நல்லதுதானே, அதற்கு ஏன் முகம் அப்படி இருக்கிறது?

கண்ணாடிக்காரரிடம் கேட்கலாம் என்றால் நாங்கள் இன்னும் முழுதாக ராசியாகவில்லை. "சாப்பிட வரலாம்" என்ற அளவில்தான் இருக்கிறோம்.

மார்ச் 23, திங்கள்

ஒன்பது. புள்ளி ஒன்பதில்.

கத்தவில்லை. யாரையும் குற்றம் சொல்லவில்லை. இந்த நோட்டை முன்பக்கத்திலிருந்து திருப்பிப் படித்தேன். வியாழன் எண்பது, வெள்ளி எண்பது, சனி எண்பது. திங்கள் பதினாலு. திங்கள் பதினொன்று. திங்கள் ஒன்பது. நடுவில் வீட்டுக்கு யாரும் வரவில்லை. பவுடர் கலையவில்லை. சனிக்கும் திங்களுக்கும் இடையில் லேப்டாப்பைத் திறந்த ஒரே ஆள் —

நான்தான். மகளோடு பேச.

மார்ச் 24, செவ்வாய்

காலையிலேயே பையில் எடுத்துப் போயிருந்த லேப்டாப்போடு, பள்ளி விட்டு நேராகக் கடைசி ஆளிடம் போனேன். விஷயத்தைச் சொன்னதும் சிரிப்பை அடக்கிக்கொண்டு புள்ளியை எண்பதில் வைத்தான். பிறகு தன் போனை எடுத்துக்கொண்டு கடையின் பின்னறைக்குப் போனான். நாங்கள் மகளோடு பேசும் அதே வீடியோ கால் வழியாக என்னைக் கூப்பிட்டான். "டீச்சர், பாப்பாகிட்ட எப்படிப் பேசுவீங்களோ அப்படியே பேசுங்க. கண்ணை மட்டும் அந்தப் புள்ளி மேல வெச்சுக்கங்க."

பேசினேன். சாப்பிட்டியா, தூங்கினியா, முடிக்கு எண்ணெய் வெச்சியா.

புள்ளி தானாக நகர்ந்தது. யாரும் தொடவில்லை, என் கண் முன்னால். எண்பது, அறுபத்தைந்து, ஐம்பது. "ஏன் இளைச்சிருக்கே" என்றபோது முப்பதுக்கு வந்தது. சார்ஜர் வாங்க வந்தவர்கள் ரெண்டு பேர் சார்ஜரை மறந்து என் திரையைப் பார்த்துக்கொண்டு நின்றார்கள்.

கடைசி ஆள் வெளியே வந்து ஸ்டூலை எனக்குப் போட்டான். அந்த வீடியோ காலில் ஒரு வசதி இருக்கிறதாம். பேசுகிறவர் குரல் ரொம்பப் பெரிதாக இருந்தால், கேட்கிறவர் காது நோகாமல் இருக்க மைக்கை அதுவே கொஞ்சம் கொஞ்சமாகக் குறைக்கும். பேச்சு முடிந்ததும் பழைய இடத்தில் திருப்பி வைக்காமல் அப்படியே போட்டுவிட்டுப் போய்விடும். "பிசாசும் இல்ல, சாரும் இல்ல டீச்சர். உங்க குரலுக்குப் பயந்து அது குனிஞ்சுக்குது. நாங்க குனிஞ்ச மாதிரிதான்."

செட்டிங்கில் அந்த வசதிக்கு எதிரே உள்ள ஒரே ஒரு டிக்கை எடுத்துவிட்டால் இனிமேல் குறைக்காது என்றான். எடுத்துடவா என்று கேட்டான். எடுத்துவிட்டால் என் குரல் முழுசாக அவள் காதில் போய் இறங்கும். இத்தனை நாள் அவளுக்கும் எனக்கும் நடுவில் நின்று அடி வாங்கிக்கொண்டிருந்தது இந்தப் பெட்டிதான்.

இருக்கட்டும் என்றேன். டிக் அப்படியே இருக்கட்டும். நான் கத்துகிறேனா இல்லையா என்று பார்த்துச் சொல்ல ஒரு ஆள் வேண்டும்.

கிளம்பும்போது, பள்ளியில் உனக்கு வைத்த பெயருக்காக வருத்தப்படுகிறேன் என்று சொல்லலாமா என்று யோசித்தேன். அதற்குள் அவனே, கடைக்குப் பெயர்ப்பலகை மாற்றப் போவதாகவும் 'கடைசி ஆள் கம்ப்யூட்டர்ஸ்' என்றே வைக்கலாமா என்று யோசிப்பதாகவும் சொன்னான். எல்லோரும் வேறு கடைகளில் காட்டிவிட்டு, சரியாகாமல் கடைசியில் அவனிடம்தான் வருகிறார்களாம்.

இரவு கண்ணாடிக்காரரிடம் மன்னிப்புக் கேட்டேன். புள்ளி இறங்கியதைச் சொன்னேன். அவர் சிரிக்கவில்லை. சாப்பாட்டுத் தட்டை நகர்த்தி வைத்தார். பிறகு, எழுத்துக்கூட்டி எழுத்துக்கூட்டி, எல்லாவற்றையும் சொன்னார்.

மகள் வியாழக்கிழமைகளில் கடைக்குப் போன் பண்ணுகிறாளாம். ஒரு வருஷமா. எனக்குத் தெரியாது. அவ வீட்ல சுவர் மெல்லிசாம், என் குரல் ஹெட்போனைத் தாண்டியும் கேக்குமாம், கூட இருக்கிற மூணு பேரும் அவ ஆபீஸ்தானாம். போன வருஷம் அவ மேனேஜரைப் பத்தி ஏதோ சொன்னப்ப நான், "என்னது, உன் மேனேஜருக்கு ஒண்ணுமே தெரியாதா"ன்னு கேட்டிருக்கேன். ரெண்டு நாள்ல அது மேனேஜர் காதுக்குப் போயிடுச்சாம். அன்னிலேர்ந்துதான் துணி அறை. துணியே இல்லாத நாள்லகூடக் கீழ இறங்கிப் போய் அந்த மெஷினுங்க பக்கத்துல நின்னுட்டுப் பேசியிருக்கா.

நான் அந்த மெஷின் சத்தத்தைத் தாண்டணும்னு இன்னும் கத்தியிருக்கேன்.

என்ன விஷயம் சொல்ல வந்தா, உங்ககிட்ட சொன்னாளான்னு கேட்டேன். "இல்ல. அது உன்கிட்டதான் சொல்லணுமாம்" என்றார்.

மார்ச் 25, புதன்

பயிற்சி தொடங்கியது. பயிற்சியாளர்: கண்ணாடிக்காரர்.

கடையில் கண் சோதிக்க ஓர் எழுத்துப் பலகை உண்டு. மேல்வரியில் யானை அளவு எழுத்து; கீழே போகப் போகச் சின்னதாகி, கடைசி வரி கடுகு. அவர் மேஜைக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்தார். நீ எப்பவும் மேல்வரியிலேயே பேசுற, படிப்படியா இறங்கி வா என்றார். பேசினேன். "இன்னும் ரெண்டு வரி கீழே." பேசினேன். "இன்னும் ஒண்ணு." கடைக்கு வருகிறவர்களிடம் எப்படி லென்ஸ் மாற்றி மாற்றி, இது தெளிவா, இது தெளிவா என்று கேட்பாரோ அதே பொறுமை. இந்த மனிதர் இவ்வளவு வார்த்தை பேசக்கூடியவர் என்பதே எனக்குச் செய்தி.

கடைசி வரிக்குப் போனபோது என் குரல் எனக்கே அறிமுகமில்லாமல் இருந்தது. கொஞ்சம் கரகரப்பு. மோசமில்லை.

மார்ச் 27, வெள்ளி

பள்ளியிலும் முயன்றேன். எட்டாம் வகுப்பிடம் கடைசி வரிக் குரலில் "வரிசையில நில்லுங்க" என்றேன். முப்பத்தெட்டு பேரும் சட்டென்று நின்றுவிட்டார்கள். எனக்கு உடம்பு சரியில்லை என்று நினைத்து ஒரு பெண் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தாள். மதியத்துக்குள் ஆசிரியர் அறை முழுக்க நான் வேலையை விடப் போகிறேன் என்று செய்தி பரவியிருந்தது. நான் பரப்பாத ஒரு வதந்தி அந்த அறையில் ஓடியது இதுவே முதல் தடவை.

மார்ச் 29, ஞாயிறு

புள்ளியை எண்பதில் வைத்தேன். கண்ணாடிக்காரர் எதிரில் உட்கார்ந்து, உள்ளங்கையைக் கீழ்நோக்கிப் பிடித்துக்கொண்டார்.

துணி அறை. கடகட. வாயைத் திறந்ததும் பழக்க தோஷத்தில் முதல் வார்த்தை மேல்வரியில் புறப்பட்டது, கை இன்னும் கீழே இறங்கியது, விழுங்கிக்கொண்டேன். கடைசி வரியில், "சாப்பிட்டியா" என்றேன்.

மகள் திரையைக் கிட்டக் கொண்டுவந்து பார்த்தாள். "அம்மா, உடம்பு சரியில்லையா?"

நல்லா இருக்கேன், மெதுவாத்தான் பேசறேன் என்றேன்.

"இங்க மெஷின் சத்தத்துல ஒண்ணும் கேக்கலம்மா. இரு, நான் மேல ரூமுக்குப் போயிடறேன்."

படிக்கட்டு ஆடியது, கதவு மூடியது, காதில் ஹெட்போன் வந்தது. ஒரு வருடத்துக்குப் பிறகு அவள் படுக்கையை இன்றுதான் பார்த்தேன். போர்வை மடிக்கவில்லை. நாற்காலி மேல் துணிக் குவியல். என் மகளேதான்.

கண்ணாடிக்காரர் சத்தமில்லாமல் எழுந்து சமையலறைக்குப் போய்விட்டார்.

ஒரு மணி இருபத்திரண்டு நிமிடம் பேசினோம். பெரும்பாலும் அவள்தான் பேசினாள். ஒரு இடத்தில் "என்னது" என்று கேட்க வாய் வந்தது, கேட்கவில்லை. தலையை ஆட்டினேன், கண்ணாடிக்காரர் மாதிரி. அது எதற்குப் பயன்படுகிறது என்று இப்போது புரிகிறது.

அந்த விஷயத்தைச் சொன்னாள்.

என்ன சொன்னாள் என்று இங்கே எழுதப் போவதில்லை. தங்கை மூன்று தடவை மாடிக்கு வந்து என் முகத்தைப் பார்த்துவிட்டுப் போனாள். அவளிடமும் சொல்லவில்லை. பாவம், அவள்தான் எனக்கு உடம்பு சரியில்லை என்று உண்மையாகவே பயந்துவிட்டாள்.

மார்ச் 30, திங்கள்

மதியம் வந்து லேப்டாப்பைத் திறந்தேன். எண்பது. வைத்த இடத்திலேயே.

மூன்று கட்டுரையையும் அந்த ரெண்டு எறும்புக் கண்ணைப் பார்த்துப் படித்தேன். மாமனார் மூக்கை நாலாவது வரிக் குரலில் படித்தேன். அந்த மூக்குக்கு அதற்குக் கீழே போக முடியாது. அனுப்பி ஒரு மணி நேரத்தில் ஒலிப்பகுதிப் பெண்ணின் பதில்: "மேடம், பக்கத்துல உக்காந்து எனக்கு மட்டும் சொல்ற மாதிரி இருக்கு. வர்ற வெள்ளிக்கிழமையே போடறோம்." குரல்காரிக்கு வேறு வேலை கிடைக்கட்டும்.

சாயங்காலம் மகளிடமிருந்து ஒரு வரி வந்திருந்தது: "அம்மா, புதன்கிழமையும் கூப்பிடட்டுமா?"

புதன்கிழமை எனக்கு ஆறு வகுப்பு. விசிலை மறக்காமல் எடுத்துப் போக வேண்டும். சாயங்காலத்துக்குத் தொண்டையை மிச்சம் பிடித்து வைக்கணும்.